பி பக்கத்தின் முடிவில்

இந்த மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். கொஞ்சம் புழுக்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது சுற்றினால் உங்கள் பதிவின் அடியில் ஒரு முனகல் விழும். பிறகு வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது அந்த முனகல் மட்டும்தான் காதில் நிற்கும். கருவியை மேசைமேல் வைக்க வேண்டாம், அந்த மடித்த துண்டின்மேல் வையுங்கள். மேசை அதிரும்.

சரி, பேசலாம்.

சவுத் லாட் ரெக்கார்ட்ஸ் பற்றிக் கண்காட்சி வைக்கப்போகிறீர்கள் என்று வெர்னான் சொன்னார். நீங்கள் அனுப்பிய விவரப் பலகைகளின் வாசகங்களைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஷ்ரீவ்போர்ட்டில் கார் கழுவும் கடை வைத்திருந்த ஒருவர், கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரு மைக்கை நிறுத்தி, நியூயார்க்கின் தயவு இல்லாமல் தெற்கத்தி ராப் இசையை ஒரு ஊரின் குரலாக மாற்றினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் இல்லை. புகைப்படத்தையும் பார்த்தேன். நடுவில் வெர்னான் ஸ்டாலிங்ஸ், முதலாளி. இடப்பக்கம் பாடகன் கார்னெல் டிக்ஸ். வலப்பக்கம், சிரித்துக்கொண்டிருப்பவன் டெமெட்ரியஸ் ஹேல். டெமெட்ரியஸின் தோளுக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரிகிறது அல்லவா, அது நான்.

என் பெயர் ஹோலிஸ் டார்டன். பலகைகளில் அது எங்கும் இல்லாததால் சொல்கிறேன். குறை சொல்லவில்லை. கேசட் உறைகளிலும் இருந்ததில்லை. 'ஒலி: சவுத் லாட்' என்று இருக்கும். ஒரு முறை வெர்னானிடம் கேட்டேன்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்பா. குடும்பத்துல யாராவது பேரு போட்டுக்குவாங்களா?" என்றார்.

அதே உறையில் தயாரிப்பு வெர்னான் ஸ்டாலிங்ஸ் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

அதற்கு முன்னால் நான் ஒரு நற்செய்தி வானொலியில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களை வானொலி நேரத்துக்குள் அடக்குவது என் வேலை. போதகர்கள் நேரத்துக்குள் முடிப்பதில்லை. ஒலிநாடாவை வெட்டுப்பலகையில் வைத்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டவேண்டும். இருமலை எடுப்பேன், திரும்பச் சொன்னதை எடுப்பேன், ஆமென் நான்கு வந்தால் இரண்டை எடுப்பேன். ஒரு வாக்கியத்தின் தலையை இன்னொரு வாக்கியத்தின் உடம்பில் வைப்பேன். தம் பிரசங்கத்தில் எது போயிற்று என்று எந்தப் போதகரும் கண்டுபிடித்ததில்லை. வெட்டு கேட்காமல் இருப்பதற்கு ஒரே வழி மூச்சு. ஒரு மனிதன் எங்கே மூச்சு விடுவான் என்று தெரிந்தால் அவனை எதையும் சொல்லவைக்கலாம்.

எங்கள் பாட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஜாக்சனிலும் மெம்ஃபிஸிலும் நன்றாகப் பாடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களும் கார் டிக்கியைத் திறந்துவைத்துக் கேசட் விற்றார்கள். எங்களை வளர்த்தது பாட்டு இல்லை. பெயர்கள்.

அது தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. முதல் கேசட் முடியும் சமயத்தில் கார்னெலின் அம்மா இறந்துபோனார். பி பக்கத்தின் முடிவில் கொஞ்சம் நாடா காலியாக இருந்தது. தாளத்தை மட்டும் ஓடவிடச் சொன்னான். தன் அம்மாவின் முழுப்பெயரைச் சொன்னான், அவர் வாழ்ந்த தெருவைச் சொன்னான். பிறகு ஒரு மூச்சு விட்டான். வேறொன்றும் சொல்லவில்லை. தாளம் தானாக ஓடி முடிந்தது. பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டபோது என் கை மயிர் சிலிர்த்தது.

அடுத்த வாரமே ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ராப் என்றால் முகத்தைச் சுளிக்கிற தாய்மார்கள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, கார் கழுவும் ஈரத்தைத் தாண்டி மெல்ல நடந்து வருவார்கள். கையில் மகனின் புகைப்படம், மூடிய தட்டில் வறுத்த மீன். "என் பையன் பேரையும் அந்தத் தம்பி படிக்குமா?" என்பார்கள். கார்னெல் படிப்பான். முழுப்பெயர், தெரு, மூச்சு. அப்படித்தான் பழக்கம் உண்டாயிற்று. ஏ பக்கத்தின் முடிவில் வாழ்த்து. உயிரோடு இருப்பவர்களைச் செல்லப்பெயரால் கூப்பிடுவான், கிண்டல் பண்ணுவான். பி பக்கத்தின் முடிவில் இறந்தவர்கள். அங்கே கிண்டல் கிடையாது. அந்தப் பக்கத்தைக் கேட்பதற்காகக் கேசட் கருவி வாங்கிய வீடுகள் இந்த ஊரில் உண்டு. கல்லறைக்குக் கொண்டுபோய் ஓடவிடுவார்கள்.

பெயர்களைக் கார்னெல் படித்தான். எந்தப் பெயருக்குப் பின் எது வரவேண்டும், நடுவில் எவ்வளவு மௌனம், தாளம் எங்கே தணியவேண்டும், எல்லாம் நான். அவன் ஒரு பெயரை அவசரமாகப் படித்திருப்பான். நான் அதற்குப் பின்னால் இடம் விட்டுக் கௌரவம் கொடுப்பேன். ஜனங்கள் அழுதது அந்த இடத்தில்தான். கார்னெலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஒரு முறை தவறு நடந்தது. எர்லீன் என்ற அம்மாள் தன் அக்கா மகன் லெமுவேல் கிரேடியின் பெயரைக் கொடுத்தார். ஆற்றில் போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை என்றார். கார்னெல் படித்தான். இரண்டு மாதம் கழித்து லெமுவேல் டெக்சஸிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினான். யாரிடமோ கோபித்துக்கொண்டு போயிருக்கிறான், அவ்வளவுதான். நேராக எங்களிடம் வந்தான்.

"என்னை எடுத்துடுங்க," என்றான்.

"எப்படிப்பா எடுக்கறது? ஊரு பூரா வித்தாச்சே," என்றார் வெர்னான்.

"நான் உயிரோட நிக்கிறேனே மிஸ்டர் வெர்னான். தொட்டுப் பாருங்க."

"நிக்கிறே, எனக்குத் தெரியுது. டேப்புக்குத் தெரியாதே."

எல்லோரும் சிரித்தார்கள். லெமுவேலும் சிரித்தான். ஆனால் அவன் பழைய வேலைக்குப் போனபோது முதலாளி அவனைப் பார்க்காமலே பேசினாராம். சர்ச்சில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவன் தொட்ட தட்டை அவன் சித்தியே தனியாகக் கழுவினார். இலையுதிர் காலம் வருவதற்குள் டாலஸுக்குப் போய்விட்டான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நாங்கள் வைத்திருப்பது என்ன என்று. வெர்னானுக்குப் புரியவில்லை. கார்னெலுக்கும் புரியவில்லை. அவர்களுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

இப்போது டெமெட்ரியஸ் ஹேல். எல்லோரும் மீச்சி என்பார்கள்.

சந்தைத் திடலின் தெற்குப் பக்கம் கார் நிறுத்துமிடத்தில், அதுதான் சவுத் லாட், கேசட் விற்கிற பையனாக வந்தான். கெட்டிக்காரன். ஒரு கார் திடலுக்குள் நுழையும்போதே அதிலிருப்பவன் எந்தத் தெரு என்று பார்த்து, அந்தத் தெருப்பெயர் வருகிற இடத்தை ஓடவிடுவான். கார் தானாக நின்றுவிடும். இரண்டு வருடத்தில் மான்ரோவிலிருந்து டைலர் வரை எல்லாக் கடையிலும் எங்கள் கேசட் இருந்தது என்றால் அது அவனால்தான். நான் அவனை வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் மரியாதையாக இருந்தான். வந்தவுடன் எனக்குக் காபி கொண்டுவந்து வைப்பான். நான் வேலை செய்யும்போது பேசமாட்டான். அந்த அறையில் பேசாமல் இருக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவனுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஒரு பெட்ரோல் நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் டாலிவர் குடும்பத்துக் கடைசிப் பையன் ஜெயிலுக்குப் போனான். காட்டிக்கொடுத்தது மீச்சி என்று அண்ணன்மார் இருவரும் நம்பினார்கள். அவன் அன்று அங்கே நின்றிருந்தான், அவ்வளவுதான். வெர்னான் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, "அந்தப் பையன் என் வீட்டுப் பையன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு ஒவ்வொரு கேசட்டிலும் வாழ்த்துப் பக்கத்தில் மீச்சியின் பெயர் முதலில் வரும். அது வெறும் வாழ்த்து இல்லை. இவன்மேல் எங்கள் கை இருக்கிறது என்று அர்த்தம். டாலிவர் சகோதரர்களும் எங்கள் கேசட்டைக் கேட்பவர்கள்தான். அவர்களுடைய அப்பாவின் பெயரைக் கார்னெல் பி பக்கத்தில் படித்திருக்கிறான்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது. மீச்சிதான் பேசிக் கூட்டிவந்தான். சவுத் லாட்டை மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள், நாடு முழுக்கக் கொண்டுபோவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பெயர்கள் வேண்டாம். செத்தவர்களின் குடும்பங்கள் நாளைக்கு வழக்குப் போட்டால் யார் பதில் சொல்வது என்று அவர்களுடைய வக்கீல்களுக்குப் பயம்.

மீச்சி இதை என்னிடம் தனியாக வந்து சொன்னான். அது அவனுடைய நல்ல குணம்.

"பேரை மட்டும் விட்டுட்டா போதும் அண்ணே. மத்ததெல்லாம் அப்படியே எடுத்துக்கறாங்க."

"பேரை விட்டா மத்தது என்ன இருக்கு?"

"கார்னெல் இருக்கான். தாளம் இருக்கு. அட்லாண்டாவுல நம்ம தெருவுல செத்தவனை யாருக்குத் தெரியும், சொல்லுங்க?"

"இங்க தெரியும்."

"இங்க எல்லாரும் வாங்கிட்டாங்களே அண்ணே. இன்னும் எத்தனை காலம் இந்த ஊரு சாவையே வித்துக்கிட்டு இருக்கறது?"

நான் நாடாவின் பக்கம் திரும்பினேன்.  அவன் என் தோளைத் தொட்டான்.

"உங்க பேரு உறையில வரணும்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். எழுத்துல கேட்டிருக்கேன். இத்தனை வருஷம் போடாம விட்டது தப்பு அண்ணே."

இதை அவன் இரக்கத்தோடு சொன்னான். நாயின் தலையைத் தடவுவதுபோல என்று சொன்னால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. பெயர்களை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுவார்களாம். எதன்மேல் போடுவார்கள்? நான் செய்ததெல்லாம் அந்தப் பெயர்களுக்கு நடுவிலிருந்த மௌனம்தான். அதை எடுத்துவிட்டால் நான் செய்தது என்று எதுவுமே இல்லை.

வெர்னான் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். கார்னெல் எங்கே போகச் சொன்னாலும் போவான். நான் பேசிப்பார்த்தேன். வெர்னான் காருக்கு மெழுகு தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹோலிஸ், உனக்கு ஊருன்னா ரொம்பப் பிடிக்கும்பா. எனக்கும்தான் பிடிக்கும். ஆனா ஊரு எனக்கு ஒரு நாளும் திருப்பிப் போன் பண்ணல," என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கம்பெனிக்குப் போகும் முன் கடைசியாக ஒரு கேசட். அதில் பெயர்கள் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். விடைபெறுவது போல.

அந்தக் கேசட்டுக்கு வாழ்த்துப் பக்கம் பதிவு செய்த அன்று மீச்சி தாமதமாக வந்தான். கையில் எண்ணெய் ஊறிய காகிதப்பை, எல்லோருக்கும் இறால் வாங்கிவந்திருந்தான். கார்னெல் மைக்கின் முன்னால் நின்றபடியே, தப்புச் செய்த பிள்ளையை அம்மா கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டான்.

"டெமெட்ரியஸ் அர்னால்ட் ஹேல். எங்கடா சுத்திட்டு வர்றே?"

"எங்கம்மா மாதிரி கூப்பிடாதடா," என்றான் மீச்சி.

"உங்கம்மா கூப்பிட்டா இறால் எனக்குக் கிடைக்காதே, அதான் நானே கூப்பிட்டேன்."

அறையே சிரித்தது. நாடா ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு இருப்பவர்களை யாரும் முழுப்பெயரால் கூப்பிடுவதில்லை. எங்களிடம் முழுப்பெயர் என்றால் பி பக்கம்தான். அந்தத் துண்டை நான் தூக்கி எறியவில்லை. எதற்கு என்று அப்போது யோசித்ததாக நினைவில்லை. நான் எதையும் எறிகிறவன் இல்லை.

பிறகு ஒரு பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அதைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் இதுவரை யாரும் கேட்டதில்லை. கார்னெல் அந்தப் பெயரைச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லியிருந்தான். கடைசி எழுத்தில் குரல் மேலே ஏறும். அதை ஏறுவதற்கு முன்பே வெட்டினேன். பிறகு நாடாவின் வேகத்தை ஒரு மயிரிழை குறைத்தேன். குரல் இறங்கியது, சிரிப்பு துக்கமாக மாறியது. இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இல்லை, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தெருப்பெயர் வேண்டும். அதே தெருவில் இறந்த வேறொரு பையனிடமிருந்து எடுத்தேன். கடைசியாக மூச்சு. பல மூச்சுகளை வைத்துப் பார்த்தேன், எதுவும் உட்காரவில்லை. கடைசியில் முதல் கேசட்டின் நாடாவை எடுத்தேன். தன் அம்மாவின் பெயருக்குப் பின்னால் கார்னெல் விட்ட மூச்சு. அதை வைத்தேன். உட்கார்ந்தது.

மீச்சி ஊரைவிட்டுப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். லெமுவேல் போகவில்லையா? மீச்சி போனால் கம்பெனி போகும், பெயர்கள் இருக்கும், ஒருவருக்கும் நோவு இல்லை. அப்படித்தான் நினைத்தேன். டாலிவர் சகோதரர்களைப் பற்றி நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். அவர்கள் லெமுவேல் விஷயத்தில் இல்லை, இதில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒருவனுடைய கோபத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? நான் ஒரு பெயரை ஏ பக்கத்திலிருந்து பி பக்கத்துக்கு நகர்த்தினேன்.

கேசட் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வெளிவந்தது. பிற்பகலில் மீச்சி வந்தான். கையில் காபி இல்லை.

"அண்ணே, என் பேரு டேப்புல இருக்கு."

"எப்பவும் இருக்குமே."

"வாழ்த்துல இல்ல. அந்தப் பக்கம்."

போட்டுக் கேட்டோம். நான் முதல் முறை கேட்பதுபோல் கேட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அறையில் அவனும் இருந்ததால் வேறு மாதிரி ஒலித்தது. அவன் சுவரில் சாய்ந்து நின்றான். உதடு வெளுத்திருந்தது.

"என்ன அண்ணே இது? நான் யாருக்கு என்ன செஞ்சேன்?"

"தவறுதான். விசாரிக்கிறேன். நீ உங்க அம்மா வீட்டுல இரு, வெளிய போகாதே."

"டாலிவர் பெரியவன் என்னைப் பாத்துத் தொப்பியைக் கழட்டினான் அண்ணே. சவ ஊர்வலம் போனா கழட்டுவாங்கல்ல, அந்த மாதிரி."

கார்னெல் ஓடிவந்தான். கடையிலிருந்து கார்கள் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காரிலும் அந்தக் கேசட். அவனும் போட்டுக் கேட்டான். அந்த மூச்சு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் படிச்சேனா ஹோலிஸ்?"

"அன்னைக்கு நிறையப் பேரு படிக்க வேண்டியிருந்துச்சு. நீ களைச்சிருந்தே."

"நான் படிச்சேனா?"

"நாடாவுல இருக்கு கார்னெல்."

நான் பொய் சொல்லவில்லை. நாடாவில் இருந்தது.

மீச்சி அவன் முன்னால் போய் நின்றான். "நீ வேணும்னு படிச்சிருக்கமாட்டேடா. எனக்குத் தெரியும். இப்ப எதாவது செய், போதும்," என்றான்.

என்ன செய்யவேண்டும் என்பதைக் கார்னெல்தான் சொன்னான். நல்ல யோசனை. என் பழைய நற்செய்தி வானொலியில் அவன் குரலிலேயே சொல்லிவிடுவது: டெமெட்ரியஸ் ஹேல் உயிரோடு இருக்கிறான், எங்கள் பையன், இது எங்கள் தவறு. ஊர் முழுவதும் அந்த நிலையத்தைக் கேட்கும். நான் இன்னும் சனிக்கிழமைகளில் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கார்னெல் அப்போதே மைக்கின் முன்னால் நின்று பேசினான். குரல் நடுங்கியது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான், நடுவில் அழுதான். நாடாவை என்னிடம் கொடுத்தான். "இப்பவே போடு ஹோலிஸ்" என்றான். கொடுத்துவிட்டு மீச்சியைக் கூட்டிக்கொண்டு போனான்.

நான் அதைக் கேட்டேன். அப்படியே ஒலிபரப்ப முடியாத பதிவு. அழுகையை எடுக்கவேண்டும், திரும்பச் சொன்னதை எடுக்கவேண்டும். பெயரை அவன் சொன்ன விதத்தில் நம்பிக்கை இல்லை, கேட்கிறவன் நம்பமாட்டான். வெட்டினேன். சரியாக வரவில்லை. மறுபடி ஒட்டினேன். சனிக்கிழமை நிலையத்துக்குப் போனபோது அதை எடுத்துக்கொண்டு போகவில்லை, ஏனென்றால் இன்னும் முடியவில்லை. கார்னெல் தொலைபேசியில் கேட்டான். "நாளைக்கு வரும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க நேரம், நடுவில் நுழைக்க முடியாது. திங்கட்கிழமை நிச்சயம் என்று இருந்தேன். அரைகுறை வேலையை நான் என் வாழ்க்கையில் வெளியே அனுப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, தன் அம்மாவைக் காரில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தும்போது மீச்சியைச் சுட்டார்கள். நல்ல வெயில். சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. பார்த்தவர்கள் பலர். ஆனால் ஏற்கெனவே பெயர் படிக்கப்பட்டவன் சாகும்போது அதைக் கொலை என்று யாருக்கும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். தாமதமாக வந்துசேர்ந்த செய்தி போல இருந்தது.

அடக்கத்தின்போது சர்ச்சில் ஒலிபெருக்கியை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவன் முகம் அச்சிட்ட வெள்ளைச் சட்டையை எல்லோரும் போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். கார்னெல் வாசலுக்கு வந்தான். மீச்சியின் அம்மா, மிஸ் ஒஃபீலியா, எழுந்து போய் அவனை மறித்தார். சத்தம் போடவில்லை.

"எங்க வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கே கண்ணு," என்றார். "என் பிள்ளை பேரை எப்படி அந்த வாயால படிச்சே?"

 கார்னெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி திரும்பி நடந்து போனான். வாசல் பக்கமிருந்த மைக் திறந்திருந்தால் அவன் காலடிச் சத்தம் கூடத்தில் கேட்டிருக்கும். நான் அதை முன்பே மூடிவைத்திருந்தேன்.

அட்லாண்டாக் கம்பெனி போயிற்று. அந்தக் கடைசிக் கேசட் போல வேறெதுவும் விற்கவில்லை என்று உங்கள் பலகையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மை. மக்கள் அந்த ஒரு பெயரைக் கேட்பதற்காக வாங்கினார்கள். வெர்னான் இரண்டாவது கடை திறந்தார். கார்னெல் அதன்பிறகு மைக்கின் முன்னால் நிற்கவே இல்லை. நான் எத்தனையோ முறை கூப்பிட்டேன். இறந்தவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள், தாய்மார்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். படிக்க ஆள் இல்லை. வேறு பையன்களை வைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு மூச்சு விடத் தெரியவில்லை. எதைக் காப்பாற்ற அதைச் செய்தேனோ அது ஒரு வருடத்துக்குள் நின்றுபோயிற்று. இதற்குக் கார்னெல் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கொஞ்சம் மனஉறுதி இருந்திருந்தால் தொடர்ந்திருக்கலாம்.

இப்போது அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போஸியரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டானாம். "நீல சட்டை, உக்காரு", "ஜன்னல் பக்கம், கையை உள்ள வை" என்பானாம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அவன் பேரக்குழந்தைக்குப் பெயர் வைத்த அன்றுகூட வீட்டுக்குள் வராமல் காரிலேயே உட்கார்ந்திருந்தான் என்று கேள்விப்பட்டேன். சாலையில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கி வருவான். கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "அன்னைக்கு நீ என்னைக் காட்டிக்கொடுக்கல ஹோலிஸ். களைச்சிருந்தேன்னு சொன்னே" என்பான். நான் தலையாட்டுவேன். வேறென்ன சொல்வது? அவனுக்கு அது ஆறுதலாக இருக்கிறது.

நீங்கள் எழுதுவதை நிறுத்தி நெடுநேரமாயிற்று. பரவாயில்லை, கருவி ஓடுகிறது.

ஏன் இத்தனை வருடம் கழித்து என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம், அது நன்றாக இருக்கும். மிஸ் ஒஃபீலியா இன்னும் உயிரோடு இருக்கிறார், போய்ச் சொல்லியிருக்கலாம். கார்னெலிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கலாம், பாலத்தைத் தாண்டினால் அவன் வீடு. தோன்றவில்லை. போலீஸ் வந்தால் வரட்டும். இதையே அவர்களிடமும் சொல்வேன்.

உங்கள் கடைசிப் பலகையைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கேசட்டின் பி பக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தெற்கத்தி இசையின் மிகத் துயரமான சில நிமிடங்கள் என்று. குறிப்பாக டெமெட்ரியஸ் ஹேலின் பெயரும் அதன்பின் வரும் மூச்சும், இனி நடக்கப்போவதை அறிந்ததுபோல ஒலிக்கிறது என்று. அதன்கீழே, பெயர்களைத் தேர்ந்து அமைத்துப் படித்தவர் கார்னெல் டிக்ஸ் என்று போட்டிருக்கிறீர்கள்.

அவனுக்கு அமைக்கத் தெரியாது. ஒரு நாளும் தெரிந்ததில்லை. அவன் வெறும் குரல். அதைத் திருத்திவிடுங்கள், உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். கொலைகாரன் என்று போட்டாலும் ஆட்சேபம் இல்லை, பெயரைப் பிழையில்லாமல் போட்டால் சரி. கார்னெல் அன்று இறந்தவர்களைத்தான் படித்தான். டெமெட்ரியஸ் ஹேலை அவர்களோடு சேர்த்தவன் நான், வேண்டுமானால் மறுபடி போட்டுக் கேளுங்கள், ஒட்டு எங்கே இருக்கிறதென்று உங்களால் சொல்ல முடியாது.